திட்டப்படி அடித்த வெயில்

தாம்பரம் சுற்றுவட்டாரத்திலேயே ஜோசியர் என்ற பெயரோடு பல வருஷம் வாழ்ந்து, நாளைக்கு என்ன நடக்கும் என்பதை ஒரு தடவைகூட, ஒருத்தருக்குக்கூடச் சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் அவர் அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு அவருடையது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. மற்றபடி ஹெட்மாஸ்டர் முதல் வாசலில் மாங்காய் விற்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் ஜோசியர் சார்.

வயசு நாற்பதுக்கு மேல் இருக்காது. ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்திரி வெயிலிலும் குடை வரும், மார்கழிப் பனியிலும் வரும். நான் சேர்ந்த முதல் வாரம் ஆர்வம் தாங்காமல் கேட்டேன்.

"மேகத்தப் பாத்துட்டு எடுத்தா, மழை வரும்னு நான் சொன்ன மாதிரி ஆயிடும் சார். எடுக்காம வந்தா, வராதுன்னு சொன்ன மாதிரி. தினமும் எடுத்துட்டா நான் எதுவும் சொல்லலை பாருங்க" என்றார்.

ஸ்டேஷனில் யாராவது அவரிடம் "பீச் வண்டி எப்ப சார் வரும்?" என்று கேட்டால், "வந்தப்புறம் சொல்றேன்" என்பார். கிண்டல் இல்லை. வண்டி வந்ததும் கேட்டவரைத் தேடிப்போய், "வந்துடுச்சு சார், எட்டு பதினாலுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்.

பியூன் தன் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது ஸ்டாஃப் ரூமே வேடிக்கை பார்த்தது.

"சார், கண்டிப்பா வந்துரணும்."

"வந்தா வந்திருப்பேன்."

"இன்னா சார் பேஜார் பண்ற. வருவியா மாட்டியா? சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்ணும்ல."

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

கல்யாணத்தன்று முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தான். குடை நாற்காலியின் முதுகில் தொங்கியது.

பரீட்சை நெருங்கினால் எல்லா வாத்தியார்களும் 'முக்கியக் கேள்விகள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். 'பி' பிரிவுப் பையன்கள் அதற்காக அவர் காலில் விழாத குறைதான். "சார், எது சார் வரும்? ஒரே ஒரு பத்து மார்க் கேள்வி சொல்லு சார்." அவர் பரிதாபமாகப் பார்ப்பார். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனாடா?" என்பார். பையன்கள் வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் படித்தார்கள்.

அவருக்கு ஜோசியர் என்று பெயர் வந்ததே, ஜோசியம் பார்க்க மாட்டேன் என்று சொன்னதால்தான். சொன்னது ஹெட்மாஸ்டரிடம். விஷயம், பாடக்குறிப்பு நோட்டு.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். எந்த வாரம் எந்தப் பாடம் நடத்த வேண்டும் என்று மேலே கல்வி இயக்ககத்தில் உட்கார்ந்து முடிவு செய்து, ஸ்டென்சிலில் அடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு ஸ்கீம் என்று பெயர். ஆசிரியர்கள் அதைப் பார்த்து, வருகிற வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன நடத்துவோம், எப்படி நடத்துவோம், பையன்கள் எப்படிப் பங்கேற்பார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை அது ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போகும். அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். ஆகவே எல்லா ஆசிரியர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் சொக்கச் சொக்க, வியாழக்கிழமை மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றதை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஜோசியர் எழுத மாட்டார் என்பதில்லை. எல்லோரையும்விட அதிகமாக எழுதுவார். என்ன, நடந்த பிறகு எழுதுவார். பல வருஷத்துக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "முன்னாடியே எழுதணும் சார், அதான் ரூல்" என்று சொன்னபோது, "வியாழக்கிழமை என்ன நடக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?" என்று கேட்டிருக்கிறார். டீ கொண்டுபோன பியூன் காதில் அது விழுந்தது. மத்தியானத்துக்குள் பெயர் வைத்தாகிவிட்டது.

நானோ பி.எட். முடித்த சூடு ஆறாமல் வந்தவன். எனக்கு ஸ்கீம் என்றால் உயிர். 'ஏ' பிரிவு அறிவியலை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நீலம், கறுப்பு, ஊதா என்று மூன்று மையில் பாடக்குறிப்பு எழுதுவேன். ஊதா நிறம் மாணவர் பங்கேற்புக்கு. சிவப்பு ஹெட்மாஸ்டருக்கும் பச்சை அதிகாரிகளுக்கும் போய்விட்டதால் அதற்கு மேல் நிறம் கிடைக்கவில்லை. ஸ்கீமில் போட்ட வாரத்தில் போட்ட பாடத்தை முடித்துவிட்டு, "போர்ஷன் முடிச்சாச்சு" என்று ஸ்டாஃப் ரூமில் அறிவிப்பேன். ஜோசியர் மூன்று வாரம் பின்னால் இருப்பார்.

"ஏன் சார் இவ்ளோ லேட்டு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒலின்னு பாடம் எடுத்தேன். ஏர்ஃபோர்ஸ் பிளேன் ஒண்ணு தலைக்கு மேல போச்சு. சத்தம் வர்ற எடத்துல பிளேன் இல்லியே சார், முன்னாடி போய்டுதேன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாரும் வெளில வந்து நின்னுட்டோம்."

"எவ்ளோ நேரம்?"

"மூணு நாள்."

"ஸ்கீம்ல ஒலிக்கு மொத்தமே நாலு பீரியட்தானே சார்."

"ஸ்கீம் எழுதினவர் வீட்டு மேல பிளேன் போவாது போல" என்றார் சாதாரணமாக.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. "ஸ்கீம் இல்லேன்னு வெச்சிக்கோங்க தம்பி, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் ஜூன்ல ஆரம்பிச்ச பாடத்துலயே மார்ச்சு வரைக்கும் உக்காந்திருப்பாங்க. இவர் ஒருத்தரை நம்பி ரூல் போட முடியுமா?" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், வருஷக் கடைசியில் 'ஏ' பிரிவும் 'பி' பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாஸ் ஆகிவந்தன. இரண்டு கட்சிக்கும் அது பெரிய ஏமாற்றம்.

அந்த வருஷம் நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. முடிச்சூர் பக்கம் ரோடு எது ஏரி எது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ரேடியோவில், நாளை முதல் பள்ளிகளுக்கு விடுமுறை என்றார்கள். நாங்கள் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டோம். ஜோசியர் மட்டும் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் குடையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். வாட்ச்மேன்தான் பிறகு சொன்னார்.

"ரேடியோல சொன்னாங்களே சார்" என்றேன்.

"நாளைக்கு லீவுன்னு சொன்னாங்க. நாளைக்கு வந்து பாத்தாத்தானே தெரியும்" என்றார்.

பொங்கல் நெருங்கும்போது அறிவிப்பு வந்தது. ஜனவரி கடைசியில் ஆண்டாய்வு. மாவட்டக் கல்வி அலுவலரே நேரில் வந்து எல்லோருடைய பாடக்குறிப்பையும் பார்ப்பார். ஹெட்மாஸ்டர் ஜோசியரைக் கூப்பிட்டார். நான் அங்கே சாக்பீஸ் வாங்க நின்றிருந்தேன்.

"சார், போன தடவை வந்தவர் வயசானவர், பாக்காம போய்ட்டார். இந்த அம்மா ஒவ்வொரு பக்கமா பாப்பாங்களாம். உங்க நோட்டைக் காட்டினா பத்து 'பி'யை உங்ககிட்டேர்ந்து எடுக்கச் சொல்லிடுவாங்க. என் கையில இல்ல அது."

ஜோசியர் குடைக் கைப்பிடியைத் தடவினார். "பசங்களை எட்டாம் கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வரேன் சார்" என்றார். "பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு." அப்புறம் வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். என் மூன்று மை நோட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?"

போகவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து, ஜூன் முதல் ஜனவரி வரை, ஜோசியர் சார் பெயரில் ஒரு புத்தம் புதிய பாடக்குறிப்பு நோட்டு எழுதினேன். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. ஒரு நல்ல மனிதருக்கு உபகாரம், கூடவே கற்பித்தல் கலையில் என் முழுத் திறமையையும் காட்ட ஒரு வாய்ப்பு. ஸ்கீமை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன், அரசு விடுமுறைப் பட்டியலை இன்னொரு பக்கம். ஞாயிறு, தீபாவளி, சரஸ்வதி பூஜை எல்லாம் கவனமாக விட்டுவிட்டேன். மீதி ஒவ்வொரு நாளும் அமோகமாகப் பாடம் நடந்தது. ஊதா மையில் பையன்கள் கேட்காத சந்தேகமெல்லாம் கேட்டார்கள். ஹெட்மாஸ்டர் வாரவாரியாகச் சிவப்புக் கையெழுத்துப் போட்டார், ஒரே மூச்சில். ஜோசியரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆய்வு நாள் வியாழக்கிழமை. அலுவலர் அம்மா நாற்பத்தைந்து வயசுக்காரர், குரலை உயர்த்தாதவர். ஹெட்மாஸ்டர் அறையில் நோட்டுகள் எல்லாம் பிரவுன் அட்டை போட்டு அடுக்கியிருந்தன. எங்களைச் சுவரோரம் நிற்கவைத்திருந்தார்கள். முதல் நோட்டை எடுத்தவர், ஜூன் மாதத்தைப் பார்க்கவில்லை. நேராக நவம்பருக்குப் போனார்.

"மழை வாரத்துல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கட்டில் மேல அடுப்பு வெச்சு சமைச்சோம். அதான் அந்த வாரம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். பக்கத்தைப் புரட்டினார். "உங்க தமிழய்யா அந்த வியாழக்கிழமை செய்யுள் நடத்தியிருக்கார். மாணவர்கள் ராகத்தோடு பாடியிருக்காங்க."

தமிழய்யா காலைப் பார்த்தார்.

அடுத்த நோட்டு. கணக்கு சார் அன்றைக்குச் சிறு தேர்வு வைத்து, விடைத்தாள் திருத்தி, பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்திருந்தார். அடுத்தது பி.டி. மாஸ்டர். திறந்த வெளியில் கபடி.

"தண்ணிக்குள்ளயா?" என்று கேட்டார் அம்மா.

பி.டி. மாஸ்டர் என் காதருகே, "போச்சுபா, மானம் கப்பலேறிகினு கீது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களாவது மழை வருவதற்கு முன்னால் எழுதினார்கள். நான் மழை பெய்து, வடிந்து, காய்ந்து, பொங்கலும் வந்த பிறகு உட்கார்ந்து எழுதியவன். விடுமுறைப் பட்டியலில் இல்லாத மழை எனக்கு ஞாபகமே வரவில்லை. அன்றைய ஸ்கீமில் என்ன இருந்தது என்பது மட்டும் இப்போது ஞாபகம் வந்தது.

அதற்குள் அம்மா ஜோசியர் பெயர் போட்ட நோட்டை எடுத்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக, உரக்கப் படித்தார்.

"வியாழன். ஒளியியல். மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, குவிவில்லையின் மூலம் சூரிய ஒளியைக் குவித்துத் தாளை எரித்துக் காட்டினேன். மாணவர்கள் கைதட்டினர்."

நோட்டை விரித்தபடியே மேஜையில் வைத்தார்.

"மத்தவங்க முன்னாடி எழுதி, திருத்தாம விட்டுட்டாங்க. அது சோம்பேறித்தனம். இது அப்படி இல்லை. கைதட்டினர்னு இருக்கு" என்றார். "பத்து 'பி' அறிவியல் யாரு?"

ஜோசியர் முன்னால் வந்தார். ஒரு கையில் குடை, அக்குளில் அவருடைய சொந்த நோட்டு, மூலையெல்லாம் மடங்கிப்போய். மேஜையில் தன் பெயர் எழுதிய புது நோட்டைப் பார்த்தார். ஊதா மையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அக்குளில் இருப்பதை எடுத்து மேஜையில் வைத்தால் போதும், அந்தப் பள்ளிக்கூடத்திலேயே மழை பெய்த ஒரே நோட்டு அதுதான். அவருக்குப் பத்து 'பி' தங்கும். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது தங்காது.

"இது உங்களுதா?"

"என்னுதுதான் மேடம்."

அம்மா பக்கத்தில் இருந்த என் நோட்டையும் திறந்து வைத்தார். "இந்தச் சார் எழுத்து மாதிரி இருக்கே."

"நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் எழுத்து கோணலா இருக்கும்."

"அப்ப நீங்க சொன்னதுதான் இதெல்லாம்."

"ஆமா மேடம்."

"அந்த வியாழக்கிழமை வெயில் அடிச்சுதா சார்?"

ஜோசியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "திட்டப்படி அடிச்சிருக்கணும் மேடம்" என்றார்.

அந்த அம்மா சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. தமிழய்யாவால் அடக்க முடியவில்லை. ஆனால் அடக்கிய பிறகு அம்மா பச்சை மைப் பேனாவைத் திறந்தார். "கையில அது என்ன நோட்டு?" என்று மட்டும் போகிற போக்கில் கேட்டார்.

"இது வேற மேடம். இதுல பாடம் கம்மி" என்றார் ஜோசியர்.

அவர் பச்சை மையில் எழுதியதன்படி, பரீட்சை வரை பத்து 'பி' அறிவியலை வேறு ஆசிரியர் நடத்த வேண்டும் என்றாகிவிட்டது. வேறு அறிவியல் ஆசிரியர் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது நான் ஒருத்தன்தான்.

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் அவர் எதிரே போய் நின்றேன். என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். "சார், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆறாம் கிளாஸ் குடுத்திருக்காங்க" என்றார். "அவங்களுக்குப் பிளேன் காட்டலாம், ரொம்பப் பிடிக்கும். உங்க ஊதா மை எங்க சார் வாங்கினீங்க? நல்லாருக்கு." அக்குளில் இருந்த நோட்டை என்னிடம் நீட்டினார். "பத்து 'பி' எங்க நிக்கிதுன்னு தெரியணும்ல உங்களுக்கு. இதுல இருக்கு. இதுவரைக்கும் நடந்தது."

முதல் பீரியட் மணி அடித்துவிட்டது. 'பி' பிரிவு வாசலில் நின்றபடியே நவம்பரைத் தேடினேன். கோணல் எழுத்துத்தான்.

'புதன். மழை. கேட் பூட்டு. பாடம் நடக்கவில்லை.' வியாழனும் வெள்ளியும் அதேதான். மூன்று வாரம் தள்ளி: 'திங்கள். குவிவில்லை. மேகம். தாள் எரியவில்லை. காத்திருந்தோம்.' 'செவ்வாய். காத்திருந்தோம். மேகம் ஏன் வெள்ளையாகவும் கறுப்பாகவும் இருக்கிறது என்று கேள்வி. எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டும்.' 'புதன். மேகம் பற்றிச் சொன்னேன்.' 'வியாழன். பதினொன்று பத்துக்கு வெயில். எரிந்தது. கடைசி பெஞ்சுப் பையன் விரலும் கொஞ்சம். பர்னால் போட்டேன்.'

கைதட்டியதாக எழுதவில்லை.

கடைசிப் பக்கம் ஆய்வு நாள். அன்று சாயங்காலம் எழுதியிருக்க வேண்டும்.

'வியாழன். மூன்றாவது பீரியட். பாடம் நடக்கவில்லை. மழை நாளில் வெயில் அடித்ததாக ஒரு பொய் சொன்னேன். சொல்லாவிட்டால் புதுசாக வந்த சாருக்கு வேலை போயிருக்கும். வெளியே இன்று உண்மையிலேயே நல்ல வெயில்.'

உள்ளே போனேன். நாற்பது ஜோடிக் கண்கள் என்னை விரோதமாகப் பார்த்தன. முதல் பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், இன்னிக்கு இன்னா பாடம்?" என்று கேட்டான். என் கையில் ஸ்கீம் இருந்தது. "தெரியலைப்பா, பாப்போம்" என்றேன். அன்றைக்குப் பாடக்குறிப்பைப் பீரியட் முடிந்த பிறகு எழுதினேன், ஒரே மையில்.

நான் அந்த வேலையில் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத சுபாவம், பத்திரிகைக்கு வந்துவிட்டேன். அவர் அங்கேயேதான் இருக்கிறார், மறு வருஷமே பத்து 'பி' திரும்பக் கிடைத்துவிட்டது. போன மாதம் ஸ்டேஷனில் பார்த்தேன். உங்களைப் பற்றி எழுதப்போகிறேன், படிப்பீர்களா என்று கேட்டேன். "படிச்சா படிச்சிருப்பேன்" என்றார்.

இப்போதெல்லாம் நான் மே மாதத்திலும் குடையோடுதான் வெளியே கிளம்புகிறேன். சுட்டெரிக்கிற வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், மழை வருமா?" என்று கேட்கிறார்கள்.

எனக்கு எப்படிங்க தெரியும்?